குற்றவாளி இல்லாத நோய்: வன்னிப் புனைவில் தள்ளாடும் உடல்

1

போருக்குப் பிந்திய வன்னிப் புனைவுகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற வகையில் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். காயம்பட்ட உடலை எழுதுவதற்கு நமது உரைநடை நன்றாகவே பழகிவிட்டது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), சயந்தனின் 'ஆதிரை' (2015) போன்ற நாவல்களையும், அவற்றைச் சூழ வந்த சிறுகதைகளையும் எடுத்துக்கொண்டால், உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு காலம் உண்டு, ஒரு காரணமும் உண்டு. கால் போனது எந்தச் சமரில், கண் போனது எந்தச் செல்லில் என்று வாசகன் அறிவான். இந்த எழுத்து அவசியமானது. அதன் பெறுமதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் வெளியிலிருந்து எவரும் தாக்காமல், உள்ளிருந்தே, ஆண்டுக்கணக்கில், அங்குலம் அங்குலமாகத் தன் அசைவை இழக்கும் உடல் ஒன்று உண்டு. அதை எழுதுவதற்கு நம்மிடம் இன்னும் மொழி இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மூளையின் சில பகுதிகள் மெல்ல மெல்லச் சிதைந்து நடை, பேச்சு, விழுங்குதல், பார்வையின் நிலைப்பு ஆகியவற்றைக் குலைக்கும் அரிய நோய்களைப் பற்றிப் பேசுகிறேன். ஹண்டிங்டன் நோய், சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களான அற்றாக்சியாக்கள், வில்சன் நோய் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் அரிதானவை. வந்த வீட்டிலோ அரிது என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும், தகப்பனுக்கு வந்தது மகனுக்கும் வருகிறது.

2

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கால்களை அகட்டி வைத்து, தள்ளாடித் தள்ளாடி, குழறிய பேச்சோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம. பார்ப்பவர்களிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று, குடித்திருக்கிறார். இரண்டு, தலைக்குள் செல் துண்டு இருக்கிறது. மூன்று, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். முஸ்லிம் வீடாக இருந்தால் மூன்றாவது விளக்கம் ஜின் என்று பெயர் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மூன்றுமே ஒரு குற்றவாளியைத் தருகின்றன. குடித்தவர் என்றால் குற்றவாளி அவரே. செல் துண்டென்றால் எறிந்தவர் குற்றவாளி. ஜின் என்றால் ஏவியவர் குற்றவாளி. நமது கதைகளும் தெருவில் நிற்பவரின் இந்த அறிவைத் தாண்டிப் போகவில்லை. கதைக்கு ஒரு முடிச்சு வேண்டும், முடிச்சுக்கு ஒரு காரணகர்த்தா வேண்டும் என்ற பழக்கத்தில், காரணகர்த்தா இல்லாத நோய் கதைக்கு உதவாததாகிப் போகிறது.

இதில் குடி என்ற குற்றச்சாட்டு முஸ்லிம் ஒருவர் மேல் விழும்போது அதன் பாரமே வேறு. சிறுமூளை சிதைந்தவரின் நடைக்கும் மது அருந்தியவரின் நடைக்கும் மேலோட்டமான பார்வையில் வேறுபாடு தெரியாது. மதுவும் சிறுமூளையைத்தான் தற்காலிகமாகக் குழப்புகிறது. ஹராமான ஒன்றைத் தொட்டறியாத மனிதர், பள்ளிவாசல் சஃப்பில் நிற்கையில் பக்கத்தில் நிற்பவர் விலகிக்கொள்வதை உணர்கிறார். பிறகு ஜமாஅத்துக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு தெருவுக்கே வருவதில்லை. நோய் அவரை வீட்டில் முடக்குவதற்குப் பல வருடங்கள் முன்னதாகவே ஊர் முடக்கிவிடுகிறது. முஸ்லிம் எழுத்தாளன் ஒருவனே உள்ளிருந்து எழுதக்கூடிய கதை இது.

ஜின் விடயத்தில் நமது முற்போக்கு எழுத்து ஒரு பெரும் பணியைச் செய்திருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) மார்க்கத்தின் பேரால் நடக்கும் ஏமாற்றுக்களை அம்பலப்படுத்தியபோது தமிழ் முஸ்லிம் புனைவு ஒரு கட்டத்தைத் தாண்டியது. ஆனால் அந்த வழியில் பின்னர் வந்த பல கதைகளில் எனக்கு ஒரு குறை படுகிறது. ஓதிப் பார்ப்பவரின் பித்தலாட்டம் வெளிப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது. அவரிடம் கொண்டுபோகப்பட்ட அந்தப் பெண்ணின் கை ஏன் தானாகவே நெளிந்தது, அந்த இளைஞனின் முகம் ஏன் கோணிக்கொண்டது என்று கதை கேட்பதே இல்லை. ஜின் இல்லை என்று நிரூபித்தாயிற்று. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. பகுத்தறிவுக் கதையும் நோயாளியைத் தன் வாதத்துக்கான சாட்சிப் பொருளாகவே கையாண்டுவிட்டுப் போகிறது.

3

இது நமக்கு மட்டும் உரிய நோய்க்கூறு அல்ல. ஹண்டிங்டன் நோயின் வரலாறே இதற்குச் சான்று. 1872இல் ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்ற இருபத்திரண்டு வயது அமெரிக்க வைத்தியர் எழுதிய ஒரு சிறு கட்டுரையால் அந்நோய்க்கு அவர் பெயர் வந்தது. சிறுவனாக இருந்தபோது தகப்பனுடன் வண்டியில் போகையில், காட்டுப் பாதையில் தாயும் மகளுமான இரு பெண்கள் உடல் நெளிந்து, முகம் கோணி வந்ததைக் கண்டு திகைத்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். இதில் கவனிக்க வேண்டியது அவரது கூர்மையை மட்டுமல்ல. அவரது பாட்டனும் தகப்பனும் லோங் ஐலன்டின் அதே ஊரில் வைத்தியர்களாக இருந்தவர்கள். நோயாளிக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வைத்தியக் குடும்பத்தின் மூன்று தலைமுறை பார்த்திருந்தது. அதனால்தான் இது பரம்பரையாக வருவது, நடுவயதில் தொடங்குவது, ஒரு தலைமுறையில் வராமல் தப்பினால் அதன் சந்ததிக்கு வராதது என்று அந்த இளைஞரால் துணிந்து எழுத முடிந்தது. ஒரே இடத்தில் தங்கிய நினைவு இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 1932இல் வெஸ்ஸி என்ற அமெரிக்க வைத்தியர், இந்நோய்க் குடும்பங்கள் இங்கிலாந்தின் ஒரு கிராமத்திலிருந்து வந்தவை என்றும், அவர்களின் மூதாதையர் சூனியக்காரிகளாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்றும் எழுதினார். பல தசாப்தங்கள் பாடநூல்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. பிற்கால ஆய்வாளர்கள் அந்த வம்சாவளியைச் சரிபார்த்து, அது நிற்காது என்று காட்டினார்கள். ஆக, மருத்துவமும் கதை சொல்லும். அங்கும் கதைக்கு ஒரு சூனியக்காரி தேவைப்பட்டிருக்கிறாள். நமது பரிசாரியை மட்டும் பழித்துப் பயனில்லை.

அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரி 1967இல் இந்நோயால் இறந்தார். அவரது தாயும் இதே நோயோடு மனநோய் விடுதியில் மடிந்தவர். நோய் இன்னதென்று தெளிவாகும் வரை கத்ரியைக் குடிகாரர் என்றும் மனநோயாளி என்றும்தான் சொன்னார்கள். அவர் இறந்த அதே ஆண்டு முன்னாள் மனைவி மார்ஜரி, இந்நோய்க் குடும்பங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடக்கினார். பாடகரின் புகழை, அவமானத்தில் ஒளிந்திருந்த குடும்பங்களை வெளியே அழைக்கும் குரலாக அவர் மாற்றினார். 1983இல் இந்நோய்க்கான மரபணுக் குறி நான்காம் நிறமூர்த்தத்தில் இனங்காணப்பட்டதற்கும், 1993இல் மரபணுவே கண்டறியப்பட்டதற்கும் பின்னால் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்கள் தமது வம்சாவளியைச் சொல்லவும் இரத்தம் தரவும் முன்வந்த வரலாறு இருக்கிறது. மரபணுவில் ஒரு மூவெழுத்துத் தொடர் அளவுக்கு மிஞ்சித் திரும்பத் திரும்ப வருவதே நோய்க்குக் காரணம். நாற்பது தடவையோ அதற்கு மேலோ வந்துவிட்டால் நோய் வருவது ஏறத்தாழ உறுதி. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

நவீன ஆங்கிலப் புனைவு இந்த நோயாளியை எப்படி நடத்துகிறது? இயன் மக்கீவனின் 'சற்றர்டே' (2005) நாவலை எடுத்துக்கொள்கிறேன். ஈராக் யுத்தத்துக்கு எதிராக இலண்டன் தெருக்கள் நிரம்பிய 2003 பெப்ரவரி 15ஆம் திகதியில் கதை நிகழ்கிறது. மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பெரோன், தெருச்சண்டையில் தன்னை அடிக்க வரும் பாக்ஸ்டர் என்ற இளைஞனிடம் ஹண்டிங்டன் நோயின் அறிகுறிகளைக் காண்கிறார். அவனது கூட்டாளிகள் முன்னிலையில் அதைச் சொல்லியே அடியிலிருந்து தப்புகிறார். நோயறிதல் இங்கு ஓர் ஆயுதம். பின்னர் பாக்ஸ்டர் கத்தியோடு அவரது வீட்டுக்குள் நுழைகிறான். இறுதியில் அவனது தலையில் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றுபவரும் பெரோன்தான். மருத்துவத் தகவல்கள் நுட்பமாக உள்ள நாவல் இது. ஆனாலும் நோயாளிக்கு அங்கே ஒரு வீடு கிடையாது. அவனது தகப்பனின் நோய்கூட வைத்தியர் விடும் ஓர் ஊகமாகவே நமக்கு வந்து சேர்கிறது. அவன் நல்ல குடும்பம் ஒன்றின் வாசலில் வந்து நிற்கும் அபாயம் மட்டுமே. அறிவு மிகுந்த நாவலும் கடைசியில் நோயாளியைக் குற்றவாளி ஆக்கிவிட்டது என்பது எனது வாசிப்பு.

4

இனி கிளிநொச்சிக்கு வருவோம். லோங் ஐலன்டில் மூன்று தலைமுறை நினைவு ஒரே இடத்தில் தங்கியிருந்தது என்றேன். கிளிநொச்சியின் வரலாறு இதற்கு முற்றிலும் மாறானது. இது குடியேறியவர்களின் ஊர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தை நம்பி 1930களிலிருந்து யாழ்ப்பாணத்தவர் குடியேற்றத் திட்டங்களில் வந்தார்கள். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து ஏராளமானோர் வந்தார்கள். நாச்சிக்குடா போன்ற இடங்களில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவர்களும் போனார்கள். புத்தளம் மாவட்ட அகதி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 1996இல் இராணுவம் நகரைப் பிடித்தது. 1998இல் புலிகள் பிடித்தார்கள். 2009 ஜனவரி 2இல் மீண்டும் இராணுவம் பிடித்தபோது நகரத்தில் சனமே இருக்கவில்லை. ஆஸ்பத்திரியும் சனத்தோடு சேர்ந்தே கிழக்கு நோக்கிப் பெயர்ந்திருந்தது.

இந்த வரலாற்றுக்கும் நரம்பியல் கிளினிக்குக்கும் என்ன தொடர்பு? நரம்பியல் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று இது: "உங்கட வாப்பாவுக்கு நடை எப்பிடி இருந்தது? வாப்பாட வாப்பாவுக்கு?" இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எத்தனை பேரால் முடியும்? நாற்பதுக்கு மேல்தான் தலைகாட்டும் ஒரு நோயின் மரபணுவைச் சுமந்த தகப்பன் முப்பத்தைந்தில் கொல்லப்பட்டுவிட்டால், அவர் ஆரோக்கியமான மனிதராகவே நினைவில் நிற்பார். காணாமல் ஆக்கப்பட்டவரின் நடை எந்த வயதில் தளர்ந்திருக்கும் என்று எவர் சொல்வது? பெரியம்மா கனடாவில், சாச்சா புத்தளத்தில், பாட்டனின் ஊர் வேறெங்கோ. கிளினிக் கொப்பிகளோ பதுங்குகுழிகளில் நனைந்து போயின. இத்தகைய வீட்டில் பரம்பரை நோய் வருகையில் அது எங்கிருந்தோ திடீரென வந்ததாகவே தோன்றும். அப்போது ஜின்னும் செல் துண்டும் முன்னுக்கு வருவதில் வியப்பென்ன? யுத்தம் மனிதர்களைக் கொன்றதோடு நிற்கவில்லை. நோயைப் புரிந்துகொள்ள வேண்டிய சாட்சிகளையும் அழித்திருக்கிறது.

செல் துண்டு என்ற விளக்கத்தை முற்றாக ஒதுக்கவும் முடியாது. வன்னியில் பலரது உடலில் உலோகத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றால் சிலருக்குக் காந்த அதிர்வு ஸ்கேன் எடுப்பதே ஆபத்தாகலாம். ஒருவருக்குச் செல் துண்டும் இருக்கலாம், பரம்பரை நோயும் இருக்கலாம். முதலாவது இரண்டாவதை மறைத்துவிடும். ஒரு நல்ல நாவலாசிரியருக்கு இதைவிடச் சிக்கலான களம் வேறெங்கே கிடைக்கும்?

தமிழர் மத்தியில் இந்நோய்கள் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில், தமக்குள்ளேயே மணம் முடிக்கும் ஒரு தமிழ்ச் சமூகத்தில் எஸ்சிஏ-1 என்ற பரம்பரைத் தள்ளாட்ட நோய் மிக அதிகமாக இருப்பதாக 2005இல் 'நியூரோலொஜி இந்தியா' ஆய்விதழ் கட்டுரையொன்றை வெளியிட்டது. எழுத்தாளர்கள் பலரும் தவறாக எழுதும் இடம் ஒன்றையும் இங்கு குறித்தாக வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணத்தால்தான் பரம்பரை நோய் என்று எல்லாவற்றையும் ஒரே வாயால் சொல்லிவிடுகிறார்கள். ஹண்டிங்டனும் எஸ்சிஏ-1உம் அப்படியல்ல. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், அந்நியத்தில் முடித்தாலும் கடத்தப்படும். வில்சன் நோய் போன்றவை வேறு. தாய், தகப்பன் இருவரும் குறையுள்ள மரபணுவைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். உறவுக்குள் முடிக்கும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்படும் கதை, பழைய ஜின்னை இறக்கிவிட்டுப் புதிய ஜின்னை ஏற்றுகிறது.

5

வில்சன் நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கு தவறான கதையின் விலை உயிர். 1912இல் கினியர் வில்சன் விவரித்த இந்நோயில் உடலால் செம்பை வெளியேற்ற முடிவதில்லை. அது ஈரலிலும் மூளையிலும் படிகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இளமையிலோ தொடங்கும். கை நடுக்கம், எச்சில் வடிதல், குழறல், கை கால் முறுக்கிக்கொள்ளுதல், குணமாற்றம். கெட்டிக்காரப் பிள்ளையின் கையெழுத்து திடீரெனக் கெட்டுப்போகும். ஜின் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான அறிகுறிகள் வேண்டுமா? ஆனால் கண்ணின் கருவிழி ஓரத்தில் படியும் பழுப்பு வளையத்தைக் கண் வைத்தியரின் கருவி காட்டிக்கொடுக்கும். இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் மிச்சத்தைச் சொல்லும். 1956இல் வோல்ஷ் என்ற வைத்தியர் பெனிசிலமைனை அறிமுகப்படுத்தியதிலிருந்து இது மருந்துள்ள நோய். துத்தநாகமும் பயன்படுகிறது. ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும், நிறுத்தினால் நோய் திரும்பும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் மூன்று தசாப்தங்களில் கண்ட 282 நோயாளர்களைப் பற்றி 2007இல் விரிவாக எழுதியிருக்கிறது. நோய் கண்ட பிள்ளையின் உடன்பிறப்புகளைப் பரிசோதிப்பதும் கட்டாயம். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நோய் வெளிப்படுமுன் மருந்தைத் தொடங்கினால் அது வராமலே காக்கலாம்.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்ற நபிமொழியை மேடைகளில் கேட்காத முஸ்லிம் இல்லை. மருந்துள்ள நோயையும் ஓதித் தண்ணீர் தெளித்தே கடத்திவிட்ட மாதங்களை அந்த நபிமொழியின் கணக்கில் யார் எழுதுவது? ஓத வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கலங்கிய உள்ளத்துக்கு ஓதல் ஆறுதல். ஓதிக்கொண்டே ஏ9 வீதியால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் போய் யாழ். போதனா வைத்தியசாலைக்கு ஏறலாம் என்பதை ஒரு கதை சொல்லக்கூடாதா?

மருந்தில்லாத நோய்களின் கதை இன்னும் கடினமானது. ஹண்டிங்டனுக்கும் பரம்பரைத் தள்ளாட்ட நோய்களுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. சிதைவை நிறுத்தும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள் தானும் பரிசோதிப்பதா, வேண்டாமா? அறியாமலிருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. கலியாணம் பேசி வருகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் அமானிதம் என்னாவது, சொன்னால் தங்கையின் வாழ்வு என்னாவது? குற்றவாளி இல்லாத இடத்தில்தான் அறம் உண்மையிலேயே சோதிக்கப்படுகிறது. இதைப் பேச வேண்டிய இலக்கியம் வில்லனைத் தேடிக்கொண்டு நிற்கலாகாது.

6

இதற்கான வடிவத்தை நாம் வெளியே இரவல் வாங்கத் தேவையில்லை. நமது பிக்ஹு நூல்களில் தொழுகை பற்றிய ஒரு பகுதி உண்டு. நின்று தொழ முடியாதவர் இருந்து தொழலாம். இருக்க முடியாதவர் படுத்துத் தொழலாம். உடலை அசைக்க முடியாதவர் சைகையால், அதுவும் இயலாதபோது கண்ணசைவால் தொழலாம். உடல் தன் அசைவைப் படிப்படியாக இழப்பதை இத்தனை நிதானமாக, யாரையும் பழிக்காமல், எந்தப் படியிலும் மனிதனைக் கைவிடாமல் சொல்லும் வேறொரு பகுதியை நான் அறியேன். இழப்பின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல், ஒவ்வொரு படியிலும் மிஞ்சியிருப்பதற்கு ஒரு மதிப்பு. திடீர் முடிச்சும் திடீர் முடிவும் இல்லாத நோய்க்கதைக்கு வேண்டிய நடை இதுதான். நமது சிறுகதையாளர்கள் இதைச் சட்டமாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள், சித்திரிப்பாகப் பார்க்கவில்லை.

அய்யூப் நபியின் சரிதையும் அப்படியே. பொறுமைக்கு உதாரணமாக அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் எல்லோரும் விலகிய பின்னும் கூட இருந்து பணிவிடை செய்த அவரது மனைவியை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். சிதையும் மூளையோடு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும் ஒருவருக்குச் சோறு குழைத்து ஊட்டுபவள், விக்கும்போது முதுகு தடவுபவள், இரவில் கட்டிலிலிருந்து விழாமல் பாயை அணைத்துப் போடுபவள் பெரும்பாலும் ஒரு பெண். நோயாளிக்கு ஸப்ரைக் கொடுத்த நமது இலக்கியம் அவளுக்கு என்ன கொடுத்தது? 'என் பிள்ளைக்கும் வருமா?' என்று அவள் எவரிடமும் கேளாமல் வைத்திருக்கும் கேள்வியை எந்தக் கதையிலும் நான் காணவில்லை.

எழுத்தாளர்கள் வைத்தியர்களாக வேண்டும் என்பது எனது கோரிக்கையல்ல. கிளிநொச்சி போன்ற, வம்சக் கதைகள் அறுந்துபோன மண்ணில், 'பெரியப்பா கடைசிக் காலத்தில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் சிந்தியது' என்ற ஒற்றை வரிக்கு இலக்கியப் பெறுமதிக்கு அப்பாலும் ஒரு பெறுமதி உண்டு. நாளை ஒரு பேத்தி கிளினிக்கில் உட்கார்ந்திருக்கையில் அவளிடம் கேட்கப்படும் கேள்விக்கு அந்த வரி விடையாகலாம். புத்தளத்திலும் நாச்சிக்குடாவிலும் கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களிலும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் எப்படி இறந்தார்கள் என்று நாம் அவர்களிடம் நிறையவே கேட்டுப் பதிந்துவிட்டோம். இறப்பதற்கு முன் அவர்கள் எப்படி நடந்தார்கள் என்று இனிக் கேட்டு எழுத வேண்டும்.